பார்க்க வேண்டிய இடங்கள்

சென்ற கோடையில் ரொறன்ரோவிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் தங்கச்சியும் குபெர்டினோவுக்கு வந்திருந்தார்கள். நான் இந்த ஊருக்கு வந்த இத்தனை வருடங்களில் உறவென்று என்னைத் தேடி வந்தவர்கள் அவர்கள்தான். ரெஸ்ரோரண்ட் முதலாளியிடம் கெஞ்சி நாலு நாள் லீவு எடுத்தேன். கோப்பை கழுவுவதில் தொடங்கி, மா அரைப்பதற்கு உயர்ந்து, இப்போது தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்பவன் நான். எங்கள் குசினியில் நாலு நாள் லீவென்பது சின்ன விடயமல்ல.

வந்திறங்கிய அன்றே சித்தப்பா கேட்டார். "தம்பி, இங்கை பாக்கிறதுக்கு என்ன இடங்கள் இருக்கு? எங்கை எங்களைக் கூட்டிக்கொண்டு போகப்போறாய்?"

சாதாரணமான கேள்விதான். ஆனால் எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி, 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பின்னர் படிப்பை இடைநடுவில் விட்டு வெளிக்கிட்டவன் நான். பட்டம் கிடைக்கவில்லை. ஒரு கெட்ட பழக்கம் மட்டும் மிஞ்சியது. எந்த இடத்தைப் பார்த்தாலும் இதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்று கேட்கிற பழக்கம் அது.

இந்தப் பழக்கம் எனக்கு உறைத்தது இங்கேயல்ல, சாவோ பாவுலோவில். 2011ல் அமெரிக்காவுக்கு வரும் வழியில் பிறேசிலின் அந்தப் பெரிய நகரத்தில் இருபத்திமூன்று நாட்கள் ஒரு அறையில் ஏழுபேர் அடைந்து கிடந்தோம். வெளியே போகக்கூடாது என்பது ஏஜென்சிக்காரனின் கட்டளை. தென்னமெரிக்காவின் மிகப்பெரிய நகரத்தில் நான் கண்டது ஒரு காற்றாடியையும் எதிர்ச் சுவரையும் மட்டுமே. பல வருடங்களின் பின்னர், அங்கே வருகிற உல்லாசப்பயணிகள் என்னதான் பார்க்கிறார்கள் என்று அறிய ஆவல் வந்து தேடி வாசித்தேன். அந்த நகரத்தின் பிறாஸ் பகுதியில் குடிவரவாளர் விடுதி ஒன்று இருந்திருக்கிறது. 1887 முதல் 1978 வரை ஏறத்தாழ 25 இலட்சம் பேர் அதனூடாகச் சென்றிருக்கிறார்கள். அடிமை முறை 1888ல் ஒழிக்கப்பட்ட காலத்தில், கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமென்று இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பின்னர் யப்பானிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். இன்று அது அருங்காட்சியகம். அதே நகரத்தில் சிவப்பு விளக்குத் தூண்களோடு அழகாக இருக்கும் லிபர்டாடே என்ற யப்பானியர் வீதிகளைப் பார்க்கவும் ஆட்கள் திரள்கிறார்கள். லிபர்டாடே என்றால் விடுதலை. அந்தச் சதுக்கத்தின் பழைய பெயர் தூக்குமர வெளி. அடிமைகளையும் குற்றவாளிகளென்று தீர்க்கப்பட்டவர்களையும் அங்கேதான் தூக்கிலிட்டார்கள். பக்கத்தில் அவர்களைப் புதைத்த இடத்தின் மேல் இப்போது கடைகள் நிற்கின்றன. ஒரு சிறிய தேவாலயம் மட்டும் அடையாளமாக எஞ்சியிருக்கிறது.

ஒரு இடம் பார்க்க வேண்டிய இடமாக மாறுவதற்கு முன்னால் அங்கிருந்து யாரோ போக வேண்டியிருக்கிறது என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் வந்தது. சித்தப்பா குடும்பத்தோடு சுற்றிய நாலு நாட்களும் அந்த எண்ணத்தை மேலும் வலுப்படுத்தின.

முதல் நாள் குபெர்டினோவிலேயே தொடங்கினோம். இங்கே பார்ப்பதற்கென்று உள்ளது அப்பிள் பார்க். 2017ல் திறக்கப்பட்ட அந்த வட்டக் கட்டிடத்துக்குள் வெளியார் போகமுடியாது. வீதிக்கு எதிரே பார்வையாளர் நிலையமொன்று இருக்கிறது. அதன் மொட்டைமாடியில் ஏறி மரங்களுக்கிடையே தெரிகிற துண்டு வளையத்தைப் பார்த்து, கீழே கோப்பி குடித்து, படமெடுத்துக்கொண்டு திரும்பலாம். தங்கச்சி அதையெல்லாம் செய்தாள். நான் அவளுக்குச் சொன்னது வேறொன்று. அந்தக் காணியில் 1916ல் கட்டப்பட்ட ஒரு பண்ணைக் களஞ்சியம் இருந்தது. கிளெண்டெனிங் என்ற விவசாயக் குடும்பத்தினுடையது. வளையத்தைக் கட்டும்போது அதைப் பலகை பலகையாகக் கழற்றி வளாகத்துக்குள்ளேயே வேறிடத்தில் திரும்பப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் பிளம்ஸ், அப்ரிகொட் தோட்டங்களாக இருந்த காலத்தின் சாட்சி அது. ஆனால் வருகிறவர்கள் யாரும் அதைப் பார்க்கமுடியாது.

விவசாயிகளும் முதல் ஆட்களல்லர். 1776 மார்ச்சில் டி அன்சா என்ற ஸ்பானியத் தளபதியின் பயணக்குழு இங்குள்ள ஓடைக்கரையில் தங்கியது. கூட வந்த பாதிரியார், இத்தாலியின் கோபெர்டினோ கிராமத்துப் புனித யோசேப்பின் பெயரை அந்த ஓடைக்கு வைத்தார். பரீட்சை எழுதுகிற மாணவர்களுக்குக் காவலான புனிதர் இவரென்பார்கள். படிப்பை முடிக்காத நான் இந்த ஊரில் வந்து சேர்ந்ததை நினைத்து அடிக்கடி சிரிப்பதுண்டு. ஓடை இன்று ஸ்டீவன்ஸ் கிறீக் என்று அழைக்கப்படுகிறது. பழைய பெயர் ஊருக்கு நிலைத்துவிட்டது. ஓடைக்கரையில் அதற்கு முன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் ஓலோனி மக்கள். அடுத்த ஆண்டே சாந்தா கிளாராவில் மிஷன் எழுந்தது. நோயும் கட்டாய உழைப்பும் அவர்களை அழித்தன. 1925ல் மானிடவியலாளர் ஏ. எல். குரோபர் தனது பெரிய நூலில், நடைமுறையில் அவர்கள் அற்றுப்போய்விட்டார்கள் என்று எழுதினார். அப்படி எழுதப்பட்டபோதும் அவர்கள் இங்கேயே உயிரோடு இருந்தார்கள். அவர்களின் வழிவந்த முவெக்மா ஓலோனி மக்கள் தாங்கள் இருக்கிறோம் என்பதை அரசாங்கம் ஏற்கவேண்டுமென்று பல பத்தாண்டுகளாக மனுக் கொடுத்து வருகிறார்கள். உயிரோடு இருப்பவனை இல்லையென்று எழுத ஒரு படித்த மனிதர் போதும். இருக்கிறேன் என்று காட்டுவதற்குத் தலைமுறைகள் தேவைப்படுகின்றன.

இரண்டாம் நாள் சான்பிரான்சிஸ்கோ. 1937ல் திறக்கப்பட்ட கோல்டன் கேற் பாலத்தைப் பார்த்துவிட்டு அல்கட்ராஸ் தீவுக்குப் படகேறினோம். வருடத்துக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோகும் இடம். 1934 முதல் 1963 வரை கொடிய குற்றவாளிகளுக்கான சிறை. காதில் மாட்டித் தருகிற கருவி அல் கபோன் போன்றவர்களின் கதையைச் சொல்லிக்கொண்டே அழைத்துச் செல்கிறது. அந்தத் தீவில் அதற்கு முன்னரே இராணுவச் சிறையொன்று இருந்தது. 1895ல் அரிசோனாவிலிருந்து 19 ஹோப்பி மனிதர்கள் அங்கே கொண்டுவந்து பல மாதங்கள் அடைக்கப்பட்டார்கள். தங்கள் பிள்ளைகளை அரசாங்க விடுதிப் பள்ளிக்கு அனுப்ப மறுத்ததும் நிலத்தைப் பங்குபோடும் திட்டத்தை எதிர்த்ததுமே அவர்கள் செய்த குற்றம்.

சிறை மூடப்பட்டு ஆறு வருடங்களின் பின், 1969 நவம்பர் 20ந் திகதி, பல குலங்களையும் சேர்ந்த செவ்விந்திய மாணவர்களும் குடும்பங்களும் அந்தத் தீவைக் கைப்பற்றினார்கள். கண்ணாடி மணிகளும் சிவப்புத் துணியுமாக 24 டொலர் பெறுமதி தந்து தீவை வாங்கிக்கொள்கிறோம் என்று அறிவித்தார்கள். வெள்ளையர்கள் மன்ஹாட்டன் தீவை வாங்கியதாகச் சொல்லப்படும் விலை அது. 19 மாதங்கள் இருந்தார்கள். மின்சாரமும் தண்ணீரும் வெட்டப்பட்டன. 1971 யூன் 11ந் திகதி எஞ்சியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். இங்கே நான் சொல்ல விரும்புவது அந்தத் தோல்வியைப் பற்றியல்ல. தண்ணீர்த் தாங்கியில் அவர்கள் சிவப்பு மையால், இது சுதந்திரமான இந்தியர்களின் நிலம் என்று எழுதியிருந்தார்கள். நாற்பது வருடங்களில் தாங்கி துருப்பிடித்து எழுத்து மங்கிவிட்டது. 2012ல் அதைத் திருத்தியபோது, தேசியப் பூங்காத் திணைக்களம் அந்த எழுத்துக்களையும் பழையபடி எழுதுவித்தது. அரசை எதிர்த்து எழுதியதை அரசின் திணைக்களமே பாதுகாக்கிறது. படகில் வருகிறவர்களின் கண்ணில் அந்தத் தாங்கி படத்தான் செய்யும்.

மூன்றாம் நாள் கோல்டன் கேற் பூங்காவிலுள்ள யப்பானியத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். சித்திக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. வளைந்த மரப்பாலம், மீன் குளம், குட்டை மரங்கள். 1894ம் ஆண்டுக் கண்காட்சிக்காக உண்டான தோட்டம். மகோற்றோ ஹகிவாரா என்ற தோட்டக்காரர் அதைப் பேணி வளர்த்து, குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்து, 1925ல் இறந்தார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொடர்ந்து இருந்தார்கள். 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 பெப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் உத்தரவு வந்தது. மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 120,000 யப்பானிய வம்சாவளியினர், கையில் தூக்கக்கூடியதை மட்டும் தூக்கிக்கொண்டு முகாம்களுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த பிரசைகள். சான்பிரான்சிஸ்கோவுக்கு அருகே தான்போரான் குதிரைப் பந்தயத் திடலில் குதிரை லாயங்களிலேயே குடும்பங்கள் மாதக்கணக்கில் படுத்தன.

ஹகிவாரா குடும்பமும் போயிற்று. தோட்டத்தின் பெயரை மாற்றினார்கள். அவர்கள் குடியிருந்த வீட்டை இடித்தார்கள். யுத்தம் முடிந்து திரும்பியபோது தோட்டத்தில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. 1952ல் பழைய பெயர் திரும்பியது. 1974ல், சிறுவயதில் தானும் முகாமில் அடைபட்டிருந்த சிற்பி ரூத் அசாவா செய்த வெண்கலத் தகடு அந்தக் குடும்பத்தின் நினைவாக வைக்கப்பட்டது. அவர்கள் போகும்போது கைமாறிப்போன குட்டை மரங்கள் பின்னாளில் தோட்டத்துக்குத் திரும்பிவந்து ஒரு சரிவில் நிற்கின்றன. மரங்கள் திரும்பிவிட்டன, மனிதர்கள் திரும்பவில்லை.

நாலாம் நாள் ஏஞ்சல் தீவு. இறங்குதுறையிலேயே சித்தி கேட்டுவிட்டா. "ஏன் தம்பி, எங்களுக்கு மறியல்களாய்க் காட்டுறாய்? இதுவும் மறியல்தானே?"

மறியல்தான். 1910 முதல் 1940 வரை பசிபிக் வழியாக வந்தவர்களை விசாரித்த குடிவரவு நிலையம் இது. சீனர் நுழைவதற்கு 1882ல் விதிக்கப்பட்ட தடை 1943 வரை நீடித்தது. ஆனால் அமெரிக்கப் பிரசையின் பிள்ளையென்றால் வரலாம். 1906 பூகம்பத்திலும் தீயிலும் நகரத்தின் பிறப்புப் பதிவுகள் எரிந்துபோனதால் தாங்கள் இங்கேயே பிறந்தவர்களென்று பலரால் சொல்லமுடிந்தது. அவர்களுடைய பிள்ளைகளென்று காகிதத்தில் மட்டும் உறவுள்ள இளைஞர்கள் வந்தார்கள். அவர்களைப் பிடிக்க அதிகாரிகள் கேட்ட கேள்விகள் இப்படிப்பட்டவை: உன் வீட்டுக்கு எத்தனை படிகள்? அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கிறது? மூன்றாவது வீட்டில் யார் இருக்கிறார்கள்? தகப்பன் சொன்னதும் மகன் சொன்னதும் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பினார்கள். உண்மையான மகன்களும் படிக்கணக்கில் பிழைவிட்டு அகப்பட்டார்கள். கிழமைக்கணக்கில், சிலர் ஒரு வருடத்துக்கும் மேலாக, தீவில் கிடந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களும் இங்கே அடைக்கப்பட்டார்கள். மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர்களே. 1917ம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கும் கதவைச் சாத்தியது.

அடைபட்ட சீனர்கள் மரச்சுவர்களில் கவிதைகளைச் செதுக்கினார்கள். அதிகாரிகள் அதற்கு மேலே மை பூசினார்கள். 1970ல், இடிக்கவிருந்த அந்தக் கட்டிடத்துக்குள் டோர்ச் லைற்றோடு போன பூங்காக் காவலர் ஒருவர் அவற்றைக் கண்டார். அவருடைய மேலதிகாரிகள் அக்கறைப்படவில்லை. ஆசிய மாணவர்களும் அங்கே அடைபட்டிருந்தவர்களின் பிள்ளைகளும் கிளர்ந்ததால்தான் கட்டிடம் தப்பியது. இருநூறுக்கும் மேற்பட்ட கவிதைகள் இதுவரை படியெடுக்கப்பட்டுள்ளன.

மூன்றடுக்குக் கட்டில்களுக்கு நடுவில் சித்தப்பா நெடுநேரம் நின்றார். அவர் 1986ல் கனடாவுக்கு வந்தவர். "உன்னட்டையும் இப்பிடித்தான் கேட்டவங்களோ?" என்றார். கேட்டார்கள். தடுப்பு முகாமில், தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் ஊடாக, எங்கள் வீட்டிலிருந்து சோதனைச்சாவடிக்கு எத்தனை மீற்றர் என்று கேட்டார்கள். நான் முதலில் இருநூறு என்றும் பிறகு முந்நூறு என்றும் சொல்லிவிட்டேன். அந்த நூறு மீற்றரால் எனக்கு இன்னும் ஐந்து மாதங்கள் உள்ளே போயின.

திரும்பிவரும்போது படகில் தங்கச்சி கதைத்தாள். அவள் ரொறன்ரோவில் பிறந்தவள். போன வருடம் முதற்தடவையாக யாழ்ப்பாணம் போய்வந்தாள். உல்லாசப்பயணிகளுக்கான பட்டியலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டை, நூலகம், நல்லூர், நெடுந்தீவு, கசூரினாக் கடற்கரை எல்லாம் பார்த்திருக்கிறாள். "அண்ணா, லைப்ரறி அவ்வளவு வடிவா இருந்தது. அது எரிஞ்சதெண்டு எனக்கு அங்கை விளங்கேல்லை. வீட்டை வந்துதான் அப்பா சொன்னவர்" என்றாள்.

1981 யூன் முதலாந் திகதி நள்ளிரவு சுமார் 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் எரிக்கப்பட்ட நூலகம் இன்று வெள்ளை மாளிகையாக நிற்கிறது. 2009க்குப் பின்னர் எங்கள் நிலமே சுற்றுலாத்தலமாகிவிட்டது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். புதுக்குடியிருப்பிலிருந்த நிலக்கீழ் வீட்டைப் படையினர் காட்டினார்கள். 2013 ஒக்டோபரில் அதைத் தகர்த்தும் விட்டார்கள். கிளிநொச்சியில் விழுந்துகிடந்த தண்ணீர்த் தாங்கியைக் காட்சிப்பொருளாக்கிப் பலகை வைத்தார்கள். அல்கட்ராஸ் தாங்கியில் தோற்றவர்களின் வாசகம் இருக்கிறது. கிளிநொச்சித் தாங்கிக்கு முன்னால் வென்றவர்களின் வாசகம் மட்டுமே வைக்கப்பட்டது. கோப்பாய்த் துயிலுமில்லம் மட்டமாக்கப்பட்டு அதன்மேல் படைத் தலைமையகம் எழுந்தது. பிள்ளையைப் புதைத்த தாய்க்கு அங்கே ஒரு பூ வைக்கவும் இடமில்லாமற் போயிற்று.

இவ்வளவையும் நாம் எழுதியிருக்கிறோம், பேசியிருக்கிறோம். இன்னும் எழுதவேண்டும். ஆனால் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த இரவு எனக்கு வேறொன்று நினைவில் வந்து நித்திரை கொள்ளவிடவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தது. அம்மா அதில் தைத்துத்தான் எங்களை வளர்த்தா. அதன் லாச்சிக்குள் அளவுகள் எழுதிய ஒரு பழைய கொப்பி கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் 786 என்று எழுதியிருந்தது. ஏதோ கணக்கென்று நினைத்திருந்தேன். குபெர்டினோவில் எங்கள் குசினியில் வேலைசெய்யும் ஹைதராபாத் முஸ்லிம் ஒருவர், சாமான் பட்டியல் எழுதும்போது தலைப்பில் அதே இலக்கத்தைப் போடுவதைப் பார்த்தேன். கேட்டேன். இறைவன் பெயரைச் சொல்லித் தொடங்குவதற்குப் பதிலாக எழுதுவது என்றார்.

1990 ஒக்டோபர் 30ந் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் பல பத்தாண்டுகள் அகதிகளாகக் கிடந்தார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் அது தவறென்று சொல்லப்பட்டது. பன்னிரண்டு வருடங்களின் பின் வந்த ஒரு வார்த்தை. விட்டுப்போன வீடுகளில் இருந்த சாமான்கள் விலைக்குப் போயின. எனக்கு அப்போது நாலு வயது. அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "மலிவா வந்தது, வாங்கினனான். அது பழைய கதை, இப்ப ஏன் அதைக் கிண்டுறாய்?" என்றா. பிறகு கொஞ்சநேரம் பேசவில்லை. "அந்தக் கொப்பியை நான் எறியேல்லை" என்றா.

ஹகிவாரா குடும்பத்தின் மரங்களை வாங்கியவர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. என் அம்மாவும் கெட்டவ இல்லை. ஆனால் மரங்கள் தோட்டத்துக்குத் திரும்பின, யாருடையவை என்று சொல்லப்பட்டது. 1988ல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் கொடுத்தது. நாற்பத்தாறு வருடங்கள் சென்றன. காணாது என்பது உண்மை. நாம் இன்னும் அந்தக் கொப்பியை லாச்சிக்குள்தான் வைத்திருக்கிறோம்.

இந்த நாட்டில் நான் பார்த்த ஒவ்வொரு தகடும் தானாக வரவில்லை. அடைக்கப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் விடாமல் கேட்டதால் வந்தவை. எங்கள் நூலகத்துக்கும் துயிலுமில்லங்களுக்கும் நாம்தான் கேட்கவேண்டும். கேட்கிற நேரத்தில், நாங்கள் துரத்தியவர்களின் தெருவையும் எங்கள் பட்டியலில் எழுதாவிட்டால் அந்தக் கேள்விக்கு நியாயம் இல்லை.

விமானநிலையத்தில் தங்கச்சி சொன்னாள், அடுத்த வருடமும் யாழ்ப்பாணம் போகப்போகிறாளாம். "அண்ணா, நான் பாக்காத இடம் ஏதும் இருக்கோ?"

"சோனகத் தெரு" என்றேன்.

"அங்கை என்ன இருக்கு?"

"திரும்பி வந்த ஆக்கள் இருக்கினம். அவையிட்டைக் கேள். முதல்ல எங்கடை வீட்டை போய் அம்மாட்டை அந்தக் கொப்பியை வாங்கிக்கொண்டு போ."